கதவைத் தட்டாதவர்கள்: ஐடா ஸ்கடரின் வாழ்வும் மருத்துவத் தரத்தின் அளவுகோலும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் கிளியனூர் இருக்கிறது. இன்று அவ்வூரில் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலச் சிக்கல் நேர்ந்தால், உறவினர் விரைவதற்கு இரண்டு திசைகள் உண்டு. வடமேற்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை. தென்கிழக்கே, அதே சாலையில், புதுச்சேரியின் நுழைவாயிலான கோரிமேட்டில் ஜிப்மர். 108ஐ அழைத்தால் ஊர்தி வரும். அது பிரதான சாலையில் நிற்குமா, காலனித் தெருவுக்குள் வருமா என்பது வேறு கேள்வி.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சாலையின் ஒரு முனையான திண்டிவனத்தில், ஓர் இரவில் மூன்று பெண்கள் பேற்றில் இறந்தனர். அந்த மூன்று இறப்புகளிலிருந்துதான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு தொடங்குகிறது என்று பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அக்கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் வாழ்வை நாம் இங்கே மீண்டும் சொல்கிறோம். அவரைப் புகழ்வதற்கோ இகழ்வதற்கோ அன்று. மருத்துவத்தின் தரத்தை அளப்பவர்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள், யாரை எண்ணாமல் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் வாழ்வைப்போல் விடை சொல்லும் வாழ்வுகள் குறைவு.

பஞ்சத்தில் தொடங்கிய குழந்தைப் பருவம்

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் மருத்துவராக இருந்தவர்; 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டு, பின்னர் சென்னைக்கு வந்தவர். அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்த முதல் மருத்துவ மறைப்பணியாளர்களுள் அவரும் ஒருவர். அவருடைய மக்கள் 1853இல் ஆர்க்காடு மிஷனை அமைத்தனர். ஐடாவின் தந்தையான இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே.

ஐடாவுக்கு ஆறு வயது ஆகும்போது 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பசித்துக் கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்ததும், கொடுத்துத் தீராத பசியைக் கண்டதும் அவருடைய முதல் நினைவுகளாக நின்றன. அப்பஞ்சத்தில் முதலில் மடிந்தவர்கள் நிலமற்ற கூலிகள். கிணறும் களஞ்சியமும் இல்லாத சேரிகளே முதலில் காலியாயின. குழந்தை ஐடாவுக்கு அது ஊரின் துயரமாகத் தெரிந்தது. அதற்குள் இருந்த சாதியின் வரிசை தெரிந்திருக்க நியாயமில்லை.

பின்னர் அவர் அமெரிக்காவில் வளர்ந்தார். மாசசூசெட்சில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். குடும்பத் தொழிலான மறைப்பணிக்குத் திரும்புவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1890இல் தாயின் உடல்நலக் குறைவைக் கேட்டுத் திண்டிவனத்திலிருந்த மிஷன் பங்களாவுக்கு வந்தபோதும், சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

ஓரிரவு, மூன்று கதவுத்தட்டல்கள்

அந்த இரவின் கதை பலருக்கும் தெரிந்ததே. முதலில் ஒரு பார்ப்பனர் வந்து கதவைத் தட்டினார். தம் இளம் மனைவி பேற்று வேதனையில் இருக்கிறாள். ஐடா வர வேண்டும் என்றார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்றார் ஐடா. வேற்று ஆண் தம் மனைவியைத் தொடக் கூடாது என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். அடுத்து ஓர் இசுலாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றொரு சாதி இந்து வந்தார். முதலியார் என்று சொல்வர். அவரும் அவ்வாறே திரும்பினார். விடிந்ததும் ஊருக்குள் சாவு மேளம் ஒலித்தது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது. ஐடா மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

இக்கதையை நாம் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பில் ஓர் இளம்பெண்ணின் மனமாற்றம் தெரிகிறது. அது மெய்யானது, அதன் விளைவை வேலூரில் இன்றும் காணலாம். இரண்டாம் வாசிப்பில் வேறு சில கேள்விகள் எழுகின்றன. வலியில் துடித்த அந்த மூன்று பெண்களிடம், ஆண் மருத்துவர் வந்தால் சம்மதமா என்று கேட்டவர் யார்? முடிவெடுத்தவர்கள் மூவரும் கணவர்கள். நோயாளியின் விருப்பம் என்று இன்றைய மருத்துவ அறம் போற்றும் ஒன்று அந்த இரவில் எவருடைய வாயிலிருந்தும் வரவில்லை. குடும்பத்தின் மானமே அங்கே நோயாளியின் இடத்தில் நின்றது.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. அந்தக் கதவைத் தட்டாதவர்கள் யார்? திண்டிவனத்தைச் சுற்றிலும் சேரிகள் இருந்தன. ஆர்க்காடு மிஷனில் சேர்ந்த கிறித்தவர்களில் பெரும்பாலோர் அச்சேரிகளிலிருந்து வந்தவர்களே. அங்கும் பெண்கள் பேற்றில் இறந்தனர். கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கையோடு வலி கண்ட பெண்களுக்கு, ஆண் நிழல் படாமல் உள்ளறையில் இருக்கும் கோஷா வழக்கம் கிடையாது. அவர்களைச் சாவிடம் சேர்த்தவை பசி, ஓயாத உழைப்பு, இருட்டு, தொலைவு, வண்டி பிடிக்கக் காசில்லாமை, ஊர்த் தெருவைக் கடக்க முடியாமை ஆகியவை. சேரி மக்கள் மிஷன் மருத்துவரிடம் வரவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு மாபெரும் மருத்துவ நிறுவனத்தின் தோற்றக்கதையில் அவர்களுடைய சாவு ஒரு சாவாக இடம்பெறவில்லை என்பதையே சொல்கிறோம்.

வட தமிழகத்துச் சிற்றூர்களில் சாவுக்குப் பறையடிப்பது யார் மீது சுமத்தப்பட்ட தொழில் என்பதை நாம் அறிவோம். பிறர் வீட்டுச் சாவை ஊருக்கு அறிவிக்கச் சேரியின் கைகள் வேண்டும். சேரியின் சாவை ஊருக்கு அறிவிக்க வேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை. பிறப்பிலும் இதே ஒழுங்குதான். பேறு தீட்டு, தொப்புள்கொடி அறுப்பதும் தீட்டுத்துணி வெளுப்பதும் கீழ் என்று தள்ளப்பட்ட சாதிகளின் வேலை. மருத்துவச்சியின் கைக்குத் தாயின் உயிரை ஒப்படைத்த சமூகம், அக்கைக்கு மரியாதையையோ பயிற்சியையோ தந்ததில்லை. பின்னர் வந்த சீர்திருத்தக்காரர்கள் பேறுகாலச் சாவுகளுக்கெல்லாம் அவளுடைய அறியாமையைக் காரணம் காட்டியபோது, அந்த அறியாமையை ஆக்கி வைத்தவர்கள் தப்பித்துக்கொண்டனர்.

பெயரிலேயே வேலி

அக்காலத்தின் மருத்துவச் சீர்திருத்தம் யாரை மனத்தில் கொண்டு எழுந்தது என்பதற்குச் சென்னையிலேயே கல்வெட்டுப் போன்ற சான்று இருக்கிறது. 1885இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதுவே. அதன் அன்றைய பெயர், சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை அளிக்க ஒரு நிதியம் தொடங்கினார். அந்நிதியத்தின் கற்பனையிலும் திரைக்குப் பின்னிருக்கும் பெண்ணே இந்தியப் பெண். திரையே இல்லாத குடிசையில் இருந்தவள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

சேரியின் நிலை ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் இருந்ததா? இல்லை. திண்டிவனத்துக்கு வடக்கே எல்லை தொட்டுக் கிடந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், 1891இல் அங்குள்ள பறையர் மக்களின் நிலைமை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். நிலமின்மையும் அடிமைத்தன்மையும் அவர்களை எவ்வாறு நசுக்குகின்றன என்பதை அது எடுத்துக்காட்டியது. 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணை பிறந்தது அதன் விளைவாகவே. அதே 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அவர் சித்த மருத்துவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நம் மக்கள் மருத்துவம் அறியாதவர்களாக, எவரேனும் வந்து மீட்பார் என்று காத்திருக்கவில்லை. நோயறிவும் மருந்தறிவும் கொண்ட ஒருவர் அப்போதே அரசிடம் உரிமைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் குரலும் மருத்துவச் சீர்திருத்தமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஒரே படுக்கையிலிருந்து

ஐடா அமெரிக்கா திரும்பி, முதலில் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் அவரும் ஒருவர். புறப்படுவதற்கு முன், மன்ஹாட்டன் வங்கியாளரான ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்தார். தந்தையிடம் தொழில் பழகலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. சில மாதங்களில் தந்தை இறந்தார். மிஷன் பங்களாவில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் அவர் 5,000 நோயாளிகளைப் பார்த்தார் என்பது பதிவு. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் திறக்கப்பட்டது.

5,000 என்ற இந்த எண்ணைச் சற்று நின்று பார்ப்போம். மருத்துவமனை என்பது தன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவரை எண்ணும் இடம். வந்தவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர் என்று பதிவேடு சொல்லும். வராதவரைப் பற்றிப் பதிவேட்டில் பத்தி இல்லை. அக்காலத்து மருத்துவமனைகள் பலவற்றில் சாதி இந்துக்களுக்குத் தனிச் சமையல், தனிப் பகுதி என்ற ஏற்பாடுகள் இருந்தன. அவை இல்லாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள் என்பதே நிருவாகத்தின் வாதம். மேல்சாதி நோயாளி வராமல் போவது ஒரு நெருக்கடியாகக் கருதப்பட்டது. அதற்காக மருத்துவமனை தன்னை மாற்றிக்கொண்டது. சேரி நோயாளி வராமல் போவது இயல்பாகக் கருதப்பட்டது.

சாலைக்கு வந்த மருத்துவம்

ஐடாவின் வாழ்வில் நாம் மிகவும் மதிக்கும் திருப்பம் அதன் பின்னர் நிகழ்ந்தது. மருத்துவமனைக்குள் இருந்தபடி காத்திருந்தால் போதாது என்று உணர்ந்த அவர், வாரந்தோறும் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மருந்துப் பெட்டியோடு புறப்பட்டார். வழிநெடுக மரத்தடிகளில் மக்கள் காத்திருந்தனர். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கண்ணுக்கு மருந்திடுவது, பல் பிடுங்குவது, முற்றிய நோயாளியை வண்டியில் ஏற்றி வருவது எல்லாம் சாலையோரத்திலேயே நடந்தன. முதலில் மாட்டுவண்டிகளும் பிறகு ஒரு சிறிய பிரெஞ்சு மோட்டார் வண்டியும் அவரைச் சுமந்தன. சாலையோர மருத்துவம் என்று பெயர் பெற்ற இது, பின்னாளில் தொழுநோயாளிகளைத் தேடிச் செல்லும் பணிக்கும் வழிகாட்டியது.

இதன் பெருமை மருந்தில் மட்டும் இல்லை, இடத்தில் இருக்கிறது. மரத்தடிக்கு வாயிற்படி கிடையாது. ஊர்த் தெருவுக்குள் நுழைய அஞ்சுபவரும் பெருஞ்சாலையின் ஓரத்துக்கு வரலாம். திண்டிவனத்தில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினர். குடியாத்தம் சாலையில் மருத்துவர் மக்களைத் தேடிச் சென்றார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே ஐடாவின் வாழ்வு என்று நாம் கருதுகிறோம். தோற்றக்கதையாக அவர் நிறுவனம் முதலாவதைத் தேர்ந்துகொண்டது. நாம் இரண்டாவதைத் தேர்ந்துகொள்கிறோம்.

எனினும் சாலை வேறு, சேரி வேறு. சாலையிலிருந்து சேரிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வண்டி போகாது. சாலைவரை தூக்கிவர ஆளில்லாத பிள்ளைத்தாய்ச்சிக்கு மரத்தடியும் தொலைவுதான். இதை ஒரு தனி மனிதரின் குறையாக நாம் எண்ணவில்லை. எவ்வளவு நல்ல சீர்திருத்தத்துக்கும் அதன் கடைசி நூறு அடி எஞ்சி நிற்கிறது. அந்த நூறு அடியில்தான் நாம் வாழ்கிறோம்.

தேர்வும் தரமும்

தனி ஒருவரால் இது ஆகாது என்று கண்ட ஐடா, 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். நோயாளியின் உடலைத் தொடுவதும் மலம் அள்ளுவதும் தீட்டு என்று எண்ணிய சமூகத்தில், செவிலியர் பணிக்கு முதலில் முன்வந்தோர் பெரும்பாலும் கிறித்தவப் பெண்களே. இன்று உலகெங்கும் மதிக்கப்படும் தென்னிந்தியச் செவிலியர் மரபின் வேர் இங்கே இருக்கிறது.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது. அனுமதி அளித்த ஆங்கிலேய அதிகாரிக்கே நம்பிக்கை இல்லை. படிக்கப் பெண்கள் வருவார்களா, வந்தாலும் தேறுவார்களா என்பது அவர் ஐயம். 17 பேர் சேர்ந்தனர். முதல் தேர்வில், எழுதிய 14 பேரும் தேறினர். ஆண்கள் படித்த பள்ளிகளின் தேர்ச்சி வீதம் அவ்வாண்டு இதற்கு அருகில்கூட வரவில்லை. ஒடுக்கப்பட்டவர் கல்விக்கூடத்துக்குள் வந்தால் தரம் தாழ்ந்துவிடும் என்ற வாதத்தை நாம் இன்றும் கேட்கிறோம். அது புதிய வாதம் அன்று என்பதற்கும், அது எவ்வளவு எளிதில் உடையும் என்பதற்கும் அந்த 14 பெண்கள் சான்று.

அவர்கள் பெற்றது எல்.எம்.பி. என்னும் உரிமப் படிப்பு. பட்டப்படிப்பைவிடக் குறுகியது, செலவு குறைந்தது. சிற்றூர்களில் பணியாற்றியோர் பலர் இப்படிப்பினரே. 1930களின் இறுதியில் சென்னை அரசு இப்படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். மட்டுமே போதும் என்று முடிவெடுத்தது. பள்ளியை மூடுவதா, கல்லூரியாக உயர்த்துவதா என்ற நெருக்கடி எழுந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது; 1940களின் பிற்பகுதியில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

இந்த மாற்றம் நிகழ்ந்த அதே காலத்தில், இந்தியா முழுமைக்குமான மருத்துவச் சீர்திருத்தத்தை வகுத்தது போர் குழு. 1946இல் வெளிவந்த அதன் அறிக்கை, நாட்டுக்கு ஒரே தகுதியுடைய மருத்துவர்தான் வேண்டும், உரிமப் படிப்பு வேண்டாம் என்றது. உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். மருத்துவர்களே இல்லாத நாட்டில், இருக்கும் வழியையும் அடைக்கலாமா என்பது அவர்கள் வாதம். ஏழைகளுக்கு இரண்டாந்தர மருத்துவர் போதும் என்ற எண்ணத்தை நாம் ஏற்க முடியாது. ஆனால் தரத்தை உயர்த்துகிறோம் என்று சொல்லிக் குறுகிய படிப்பை மூடியவர்கள், நெடிய படிப்பின் வாசலை நம் பிள்ளைகளுக்குத் திறந்தார்களா? உயர்ந்த தரம் நகரத்தில் தங்கியது. சிற்றூருக்கு வந்தது காலிப்பணியிடம்.

ஐடா 1946இல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்தார். 1960 மே 24 அன்று தம் 89ஆம் வயதில் மறைந்தார். ஒரு படுக்கையில் தொடங்கியது அவர் கண்ணெதிரே நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தது.

அளவுகோலுக்கு வெளியே

ஐடா மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1966இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அவெடிஸ் டோனபேடியன் என்னும் அறிஞர் மருத்துவத் தரத்தை அளக்க மூன்று படிகளை வகுத்தார். கட்டடம், கருவி, பணியாளர் ஆகியவை கட்டமைப்பு; மருத்துவம் எப்படிச் செய்யப்படுகிறது என்பது செயல்முறை; நோயாளிக்கு என்ன ஆனது என்பது விளைவு. உலகின் தரச்சான்றிதழ் முறைகள் பலவும் இந்த மூன்றின் மேல் எழுந்தவையே. இந்தியாவில் 2013இல் அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதி நெறிகளும், 2017இல் பேறுகால அறைகளுக்கான லக்ஷ்யா திட்டமும் வந்தன. மதிப்பெண் போடுகிறார்கள், தேறிய மருத்துவமனைக்குச் சான்றிதழும் ஊக்கத்தொகையும் தருகிறார்கள்.

அளப்பது நல்லதே. அளக்காத இடத்தில் அலட்சியம் ஒளிந்துகொள்ளும். ஆனால் அளவுகோலுக்கும் அறம் வேண்டும். நியூயார்க் மாநிலம் 1990களில் இதய அறுவை மருத்துவர்களின் இறப்பு வீதத்தை வெளியிடத் தொடங்கியபோது, தரம் உயர்ந்தது என்றனர் சிலர். மதிப்பெண் கெடாமல் இருக்கக் கடும் நோயாளிகளைத் தவிர்க்கும் போக்கு வளர்ந்தது என்று ஆய்வாளர் சிலர் காட்டினர். எந்த நோயாளி கடும் நோயாளி? இரத்தசோகையோடு, காலந்தாழ்ந்து, கடைசி நேரத்தில் வந்து சேர்பவர். நம் நாட்டில் அவருக்குச் சாதி உண்டு. அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் சிறிய மருத்துவமனையின் கணக்கு தூய்மையாகிவிடும். அவர் வழியிலேயே இறந்தால் எந்த மருத்துவமனையின் தரத்தில் அந்தச் சாவு சேரும்?

தமிழ்நாட்டின் சாதனையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2001-03இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 301 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 134. 2018-20இல் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதார செவிலியர்கள், 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஒவ்வொரு பேறுகாலச் சாவையும் தணிக்கை செய்யும் முறை ஆகியவற்றின் கூட்டு வெற்றி இது. இதில் நம் பெண்களின் உயிரும் அடங்கும்.

ஆயினும் அந்த 54இல் நாம் எத்தனை பேர்? இவ்வீதத்தை வெளியிடும் மாதிரிப் பதிவு முறை அதை மாநிலவாரியாகச் சொல்கிறது; சாதிவாரியாகச் சொல்வதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு; பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கு மேல். சராசரி என்பது இந்த வேறுபாட்டை விழுங்கிச் செரித்துவிடும் வயிறு.

சாதிவாரியாகக் கணக்கிட்டாலும் ஒரு பகுதியினர் விடுபடுவர். 1950 குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவத்துக்கு மாறிய தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. ஆர்க்காடு மிஷனில் சேர்ந்த சேரி மக்களின் பேரப்பிள்ளைகள் அதே சேரியில், அதே தீண்டாமைக்கு நடுவே வாழ்கின்றனர்; அரசின் ஏட்டில் பட்டியல் சாதியினராக அவர்கள் இல்லை. ஐடாவின் நிறுவனத்தைப் போன்ற சிறுபான்மை நிறுவனங்களுக்கு, அரசமைப்பின் 15(5)ஆம் உறுப்பு இடஒதுக்கீட்டுக் கடப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. திண்டிவனத்தின் கதவைத் தட்டாதவர்கள் இவ்வாறு இரண்டு பக்கமும் கணக்குக்கு வெளியே நிற்கின்றனர்.

2006இல் நூலாக வெளிவந்த, 11 மாநிலங்களின் 565 சிற்றூர்களில் நடத்தப்பட்ட தீண்டாமை ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்வதில்லை என்று கண்டது. டோனபேடியனின் மூன்று படிகளில் இதை எங்கே வைப்பது? கட்டமைப்பு இருக்கிறது, பணியாளர் நியமிக்கப்பட்டிருக்கிறார், வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் இருக்கலாம். வாயிற்படியில் அவர் நின்றுவிட்டார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

நாம் கேட்பது

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. குடியாத்தம் சாலையின் மரத்தடியிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்திருக்கும் இந்தப் பயணத்தை நாம் வரவேற்கிறோம். அத்திட்டத்தின் வெற்றியை மாநிலம் முழுமைக்கும் ஒரே எண்ணாகச் சொல்லாமல், ஊர் எத்தனை வீடு, காலனி எத்தனை வீடு என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுபோலவே, பேறுகாலச் சாவுத் தணிக்கையின் முடிவுகள் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும். தலித் கிறித்தவர்கள் அதில் தலித்துகளாகவே எண்ணப்பட வேண்டும். கடும் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையின் மதிப்பெண் அதனால் குறையக் கூடாது. காரணமின்றி வேறிடத்துக்கு அனுப்பும் மருத்துவமனையின் மதிப்பெண் குறைய வேண்டும். மரியாதையோடு தொட்டுப் பார்த்தார்களா, பெயர் சொல்லி அழைத்தார்களா, வீட்டுக்குள் வந்தார்களா என்பவை தரத்தின் கேள்விகளாக வேண்டும். அவற்றைக் கேட்பவர்களுள் காலனியின் பெண்கள் இருக்க வேண்டும். சமூகத் தணிக்கை என்பது நமக்குப் புதிதன்று. ஊரக வேலைத் திட்டத்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறோம்.

ஐடா ஸ்கடர் தம்மைத் தேடி வந்த மூவருக்காகத் தம் வாழ்வை மாற்றிக்கொண்டார். கண்ணுக்குத் தெரிந்த சாவுக்கு அவர் உண்மையாக இருந்தார்; அதற்காக நாம் அவரை மதிக்கிறோம். பிறகு அவரே கதவைத் திறந்து வெளியே நடந்தார். அதற்காக இன்னும் கூடுதலாக மதிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சாவை எண்ணும் பொறுப்பு அவருக்குப் பின் வந்தவர்களுடையது. கிளியனூரிலோ அச்சாலையின் வேறெந்தக் காலனியிலோ இன்றிரவு ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், அவள் எந்தக் கதவையும் தட்ட வேண்டியிராத நிலையே சீர்திருத்தம். அந்த நிலை வந்துவிட்டதா என்பதைச் சொல்லும் உரிமை அவளுக்கே உண்டு.